அல்லித் தண்டுகளுக்கு நடுவே பெரிய சன்ஃபிஷ்: எந்தக் கோல், எந்த நரம்பு?

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த தூண்டில் கேள்விகளில் பெரும்பாலானவை வட அமெரிக்க ஏரிகளிலும் குளங்களிலும் வாழும் சன்ஃபிஷ் பற்றியவையாக இருந்ததால், அவற்றை ஒன்றாகத் தொகுத்துப் பதில் எழுதுகிறேன். கடலில் திரியும் மாபெரும் சூரிய மீனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. புளூகில், ரெட் இயர், பம்ப்கின்சீட் ஆகிய நன்னீர் மீன்களையே இங்கே சன்ஃபிஷ் என்று குறிப்பிடுகிறேன்.

கேள்வி: ஐந்தடி அல்ட்ராலைட் (மிக இலேசான) கோலும், 2 பவுண்டு இழுப்பைத் தாங்கும் நரம்பும் வைத்திருக்கிறேன். திறந்த நீரில் இதைக்கொண்டு நிறைய மீன் பிடித்திருக்கிறேன். ஆனால், அல்லி இலைகள் மூடிய மூலையில் பெரிய புளூகில் கடித்தால், இரண்டே நொடியில் தண்டுகளுக்குள் புகுந்து நரம்பை அறுத்துவிடுகிறது. நண்பர் ஒருவர், பாஸ் மீனுக்கான கனத்த கோலையும் 12 பவுண்டு நரம்பையும் பயன்படுத்தச் சொன்னார். அதன் பிறகு மீன் கடிப்பதே குறைந்துவிட்டது. எதை மாற்ற வேண்டும்?

பதில்: உங்கள் பழைய கோலும் நண்பரின் கோலும் இரண்டு எதிர் எல்லைகளில் நிற்கின்றன. உங்களுக்குத் தேவையானது இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. ஆனால் அது சரிபாதித் தூரத்தில் இல்லை, உங்கள் பழைய கோலுக்கே அருகில் இருக்கிறது. அதை விளக்குவதற்கு முன், அந்த இரண்டு நொடிகளில் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம்.

புளூகில்லின் உடல் தட்டு போன்றது. உயரம் அதிகம், தடிமன் குறைவு. முள் குத்தியதும் அது நேர்கோட்டில் நெடுந்தூரம் ஓடுவதில்லை. தன் அகன்ற பக்கத்தை இழுப்புக்கு எதிராகத் திருப்பி, வட்டமடித்தபடி கீழ்நோக்கி அழுத்துகிறது. முக்கால் பவுண்டு மீன் அதைவிடப் பெரிய மீன் போலக் கையில் கனப்பதற்கு இதுவே காரணம். திறந்த நீரில் இந்த வட்டம் வெறும் விளையாட்டுதான். தண்டுகளுக்கு நடுவிலோ, அரை வட்டம் முடிவதற்குள் நரம்பு ஒரு தண்டைச் சுற்றிவிடும். சுற்றிய பிறகு கோலின் வளைவு மீனைச் சென்றடையாது. நீங்கள் தண்டோடுதான் மல்லுக்கு நிற்பீர்கள், மீனோ அந்தப் பக்கம் இருந்துகொண்டு தளர்ந்த நரம்பை உதறி அறுத்துவிடும். எனவே முதல் அரை வட்டத்துக்குள்ளேயே மீனின் தலையை மேலே திருப்பிவிட வேண்டும். தலை மேலே வந்துவிட்டால், அதே தட்டையான உடல் இலைகளின் மேல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

ஐந்தடிக் கோலால் இதைச் செய்ய இயலாது. கரையில் நின்று இருபதடி தள்ளிப் போட்ட தூண்டிலைக் குட்டையான கோலால் இழுத்தால், நரம்பு ஏறக்குறையக் கிடைமட்டமாகவே வரும். மீன் ஒவ்வொரு தண்டிலும் இடிபட்டுக்கொண்டுதான் வர வேண்டும். ஏழு முதல் ஏழரை அடிக் கோல், நரம்பை உயரத்தில் பிடித்து மீனை மேல்நோக்கி இழுக்கிறது. தளர்ந்து கிடக்கும் நரம்பையும் ஒரே தூக்கில் கூடுதலாக மீட்கிறது. ஆகவே முதலில் நீளத்தை மாற்றுங்கள்.

அடுத்து வலுவும் வளைவும். இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணிப் பலர் தவறான கோலை வாங்குகிறார்கள். வலு என்பது கோலை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது. வளைவு என்பது கோல் எந்த இடத்திலிருந்து வளையத் தொடங்குகிறது என்பது. நுனி மூன்றிலொரு பங்கு மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட் என்றும், நடுவரை வளைந்தால் மாடரேட் என்றும் கோலின் மேல் அச்சிட்டிருப்பார்கள். அடர்ந்த மறைவிடத்துக்கு நான் பரிந்துரைப்பது லைட் (குறைந்த) வலுவும், இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாடரேட் ஃபாஸ்ட் வளைவும் கொண்ட கோல். நுனி மென்மையாக இருந்தால்தான் 1/32 அவுன்ஸ் ஜிக்கை (ஈயத் தலை கொண்ட சிறு முள்ளை) வீச முடியும். சிறிய வாய் கொண்ட மீன் இரையை உறிஞ்சும்போது எதிர்ப்பை உணர்ந்து துப்பிவிடாது. அடிப்பகுதி உறுதியாக இருந்தால்தான் தலையைத் திருப்ப முடியும். நண்பரின் கோலில் கடி குறைந்ததற்கு அதன் நுனி விறைப்பாக இருந்ததும் ஒரு காரணம். அந்தக் கோலால் நன்றாக வீசுவதற்காக நீங்கள் ஈயத்தையும் தக்கையையும் பெரிதாக்கியிருப்பீர்கள் என்பது இன்னொரு காரணமாக இருக்கலாம்.

நரம்பைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது. நரம்பின் தடிமனை மீனின் எடையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். மறைவிடத்தின் முரட்டுத்தனத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். புளூகில் இனத்தின் உலகச் சாதனை மீனே, 1950-இல் அலபாமாவின் கெட்டோனா ஏரியில் பிடிபட்டது, 4 பவுண்டு 12 அவுன்ஸ்தான். நீங்களும் நானும் பெரியது என்று கொண்டாடும் பத்து அங்குல புளூகில் ஒரு பவுண்டைச் சுற்றியே இருக்கும். எடையை மட்டும் பார்த்தால் 2 பவுண்டு நரம்பே போதும். ஆனால் நரம்பை அறுப்பது மீனின் எடையன்று; தண்டின் உராய்வும் கிளையின் முனையும்தான். மென்மையான அல்லித் தண்டுகளுக்கு 6 பவுண்டு நைலான், விழுந்த மரங்களுக்கும் கிளைக்குவியல்களுக்கும் 8 பவுண்டு நைலான் என்பதே என் வழக்கம். 6 பவுண்டு நைலானின் தடிமன் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. நிழல் விழும் மறைவிடத்தில் அந்தத் தடிமனைக் கண்டு புளூகில் பின்வாங்குவதை நான் பார்த்ததில்லை. தெளிந்த திறந்த நீருக்கு உங்கள் 2 பவுண்டு நரம்பு இன்றும் நல்லதுதான், அதை எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி: பின்னல் நரம்பு மெல்லியது, வலுவானது என்கிறார்கள். அப்படியானால் எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்தலாமே?

பதில்: எல்லா இடத்திலும் வேண்டாம். 10 பவுண்டு பின்னல் நரம்பின் தடிமன் ஏறக்குறைய 2 பவுண்டு நைலானுக்குச் சமம் என்பது உண்மை. அது நீளாது என்பதும் உண்மை. நைலானோ முழு இழுப்பில் தன் நீளத்தில் ஐந்திலொரு பங்கு வரைகூட நீளும். பாசிக்கொடிகளிலும் அல்லித் தண்டுகளிலும் இந்த இரண்டு குணங்களும் பெரிய உதவி, ஏனென்றால் பின்னல் நரம்பு மென்மையான தண்டுகளை அறுத்துக்கொண்டே வரும், நீங்கள் தூக்கும் விசை தாமதமின்றி மீனைச் சேரும்.

மரத்தில் கதை வேறு. நனைந்த கிளையில் பின்னல் நரம்பு உரசினால் மரத்துக்குள் பதிந்து சிக்கிக்கொள்ளும். நைலான் அதே கிளையில் வழுக்கி வந்துவிடும். ஆகவே கிளைக்குவியலில் நைலானும், பாசியில் பின்னலும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பின்னல் நரம்பின் முனையில் இரண்டு மூன்று அடி நீளத்துக்கு 6 பவுண்டு நைலானையோ, ஃபுளூரோகார்பன் என்ற இன்னொரு செயற்கை நரம்பையோ இணைத்துக் கட்டுவது அவசியம். மீன் கண்ணுக்கு நரம்பு மறைவது இதன் ஒரு பயன். சிக்கிக்கொண்டால் இந்த இணைப்பு நரம்பே முதலில் அறுந்து, தக்கையும் மீதி நரம்பும் தப்பிக்கும் என்பது இன்னொரு பயன். இணைப்புக்கு இரட்டை யூனி முடிச்சு போதும். முள்ளைப் பின்னலில் நேரடியாகக் கட்ட நேர்ந்தால் பாலோமர் முடிச்சு வழுக்காது. ரீலின் உருளையில் முதலில் சில சுற்று நைலானைச் சுற்றிவிட்டு அதன் மேல் பின்னலைச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் மொத்த நரம்பும் உருளையின் மேல் சுழன்று வழுக்கும்.

ஃபுளூரோகார்பனையே முழு நரம்பாகச் சுற்றுவதை நான் விரும்புவதில்லை. அது உராய்வைத் தாங்கும், நீரில் எளிதில் தெரியாது. ஆனால் விறைப்பானது, சிறிய உருளையில் சுருள் சுருளாக நிற்கும், நீரில் மூழ்குவதால் தக்கையைத் தன் பக்கம் இழுக்கும்.

கேள்வி: ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிப்பை, எவ்வளவு இறுக்க வேண்டும்?

பதில்: திறந்த நீரில் நரம்பின் வலுவில் நான்கிலொன்று முதல் மூன்றிலொன்று வரை வைப்பது வழக்கம். 6 பவுண்டு நரம்புக்கு இது ஒன்றரை முதல் இரண்டு பவுண்டு. அடர்ந்த மறைவிடத்தில் இவ்வளவு விட்டுக்கொடுத்தால் மீன் தண்டைச் சுற்றிவிடும் என்பதால், பாதி வரை, அதாவது மூன்று பவுண்டு வரை இறுக்கலாம். விரலால் இழுத்துப் பார்த்து மதிப்பிடுவது பெரும்பாலும் தவறாகிவிடும். நரம்பின் முனையை ஒரு சிறிய வில் தராசில் கட்டி இழுத்து, எந்த எடையில் உருளை சுழலத் தொடங்குகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பின்னல் நரம்போடு டிராக்கையும் முழுதாக இறுக்கினால், அடுத்துப் பலவீனமான பொருள் உங்கள் கோலின் நுனிதான். மீன் அருகில் வந்த பிறகு கோலைத் தலைக்குப் பின்னால் சாய்த்துத் தூக்காதீர்கள்; அந்தக் கோணத்தில் வளைவு முழுவதும் மெல்லிய நுனியில் குவிந்து கோல் முறியும். கடைசி நான்கடியில் கோலைத் தாழ்த்தி, நரம்பைக் கையால் பிடித்தோ வலையை நீட்டியோ மீனை எடுங்கள்.

கேள்வி: எந்த முள் பொருத்தமானது? கிளைகளில் சிக்கி நாளொன்றுக்குப் பத்து முட்களை இழக்கிறேன்.

பதில்: மெல்லிய கம்பியால் ஆன, நீண்ட தண்டுள்ள அபர்டீன் முள், 6 அல்லது 8 எண். மரத்தில் சிக்கினால் 8 பவுண்டு நரம்பை நிதானமாக, ஒரே சீராக இழுங்கள். நரம்பு அறுவதற்கு முன் முள் நிமிர்ந்து விடுபடும். அதைக் குறடால் மறுபடி வளைத்துக்கொள்ளலாம், இரண்டு மூன்று முறைக்குமேல் மட்டும் வேண்டாம். தடித்த கம்பி முள்ளையும் மெல்லிய நரம்பையும் சேர்த்துக் கட்டுவதால்தான் பத்து முட்கள் போகின்றன. நீண்ட தண்டு இருப்பதால், புளூகில் ஆழமாக விழுங்கினாலும் முள்ளைக் கழற்றுவது எளிது.

கேள்வி: ரீலே இல்லாத நீண்ட கோலைப் பயன்படுத்தலாமா? படகில் சிலர் அப்படிப் பிடிப்பதைக் கண்டேன்.

பதில்: தாராளமாக. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் தலைமுறைகளாக இப்படித்தான் மூங்கில் கோலில் பிடித்து வருகிறார்கள். இன்று பத்து முதல் பன்னிரண்டடி வரை கிராஃபைட்டில் எடை குறைந்த கோல்கள் வந்துவிட்டன. மேலே நான் சொன்ன எல்லாவற்றையும் இந்தக் கோல் இயல்பாகவே செய்கிறது. இலைகளுக்கு நடுவே தட்டளவு திறப்பு ஒன்றைத் தேர்ந்து, இரையைச் செங்குத்தாக இறக்குகிறீர்கள்; கடித்ததும் செங்குத்தாகவே தூக்குகிறீர்கள். மீன் சுற்றிக்கொள்ளத் தளர்ந்த நரம்பே கிடையாது. நரம்பைக் கோலின் நீளத்தைவிட ஓரடி குறைவாக விடுங்கள், 8 பவுண்டு நைலான் போதும், தக்கை கட்டைவிரல் நுனியைவிடப் பெரிதாக இருக்க வேண்டாம். தூண்டிலை வீசவே வாய்ப்பில்லாத இடங்களில், குறிப்பாக நீரில் நிற்கும் சைப்ரஸ் மரங்களின் வேர்முண்டுகளுக்கு இடையில், இதைவிடச் சிறந்த கருவியை நான் அறியேன்.

கேள்வி: ரெட் இயருக்கும் இதே கருவிகளா?

பதில்: பெரும்பாலும் இதே கருவிகள்தான், நரம்பை மட்டும் ஒரு படி கூட்டுங்கள். ரெட் இயர் தொண்டைப் பற்களால் நத்தைகளை நொறுக்கித் தின்னும் மீன், ஆகவே அடித்தளத்தை ஒட்டியே மேயும். இரையைத் தரையில் கிடத்த வேண்டும். புளூகில்லைவிடப் பெரிதாகவும் வளரும். கொலராடோ ஆற்றின் ஹவாசு ஏரியில் 2014-இல் 5 பவுண்டுக்கு மேலும், 2021-இல் 6 பவுண்டுக்கு மேலும் எடையுள்ள மீன்கள் பிடிபட்டன. அங்கே பெருகிவிட்ட குவாக்கா சிப்பிகளைத் தின்றே அவை அப்படிப் பருத்தன என்று கருதுகிறார்கள்.

கேள்வி: முட்டையிடும் காலத்தில் கூடுகளின் மேல் பெரிய மீன்கள் கூட்டமாக நிற்கின்றன. வலுவான நரம்பு இருந்தால் அத்தனையையும் எடுத்துவிடலாம் போலிருக்கிறது. எடுக்கலாமா?

பதில்: எடுக்க முடியும் என்பதாலேயே இதைக் கவனமாகச் சொல்கிறேன். நீர் ஏறக்குறைய 70 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டும்போது புளூகில்கள் காலனியாகக் கூடுகள் அமைக்கின்றன. முட்டைகளையும் குஞ்சுகளையும் காப்பது ஆண் மீன்களே. அந்தப் பெரிய ஆண்களைத் தொடர்ந்து அகற்றினால், இளைய ஆண்கள் வளர்வதை விட்டுவிட்டுச் சிறிய உடலிலேயே இனப்பெருக்கத்துக்கு முதிர்ந்துவிடும். சில ஆண்டுகளில் ஏரி முழுவதும் கையளவு மீன்களே மிஞ்சும். மினசோட்டா மாநிலம் சில ஏரிகளில் நாளொன்றுக்கு 5 அல்லது 10 என்று வரம்பைக் குறைத்ததன் நோக்கம் பெரிய மீன்களைக் காப்பதே. உங்கள் மாநிலத்தின் உரிமத்தையும் வரம்பையும் முதலில் பாருங்கள். சமையலுக்கு ஏழு எட்டு அங்குல மீன்களை எடுத்துக்கொண்டு, பத்து அங்குல ஆணைக் கூட்டின் மேலேயே திருப்பி விடுங்கள். இந்த விஷயத்தில் 6 பவுண்டு நரம்பு மெல்லிய நரம்பைவிடக் கருணையானது. போராட்டம் விரைவில் முடிந்து, மீன் களைக்காமல் கூட்டுக்குத் திரும்புகிறது.

கேள்வி: நல்ல நரம்பு வாங்கியும் மூன்றாவது நான்காவது மீனில் அறுந்துவிடுகிறது. ஏன்?

பதில்: முதல் மூன்று மீன்களும் நரம்பின் கடைசி இரண்டடியைத் தண்டிலும் கிளையிலும் தேய்த்துவிட்டன. ஒவ்வொரு பெரிய மீனுக்குப் பிறகும் அந்த இரண்டடியை விரல் நகத்துக்கும் பெருவிரலுக்கும் நடுவே உருவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் அந்த இடத்துக்கு மேலே வெட்டி, முடிச்சை எச்சிலால் நனைத்து இறுக்கி, புதிதாகக் கட்டிக்கொள்ளுங்கள்.