நேர்கோட்டு வரைபடத்தை வாசிக்க வைப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி (8ஆம் வகுப்பு ஆசிரியை): புள்ளி குறித்துக் கோடு போடச் சொன்னால் அழகாகப் போடுகிறார்கள். இந்தக் கோடு என்ன சொல்கிறது என்று கேட்டால் வாயே திறப்பதில்லை. எங்கிருந்து தொடங்கலாம் சார்?

பதில்: எண்ணே இல்லாத வரைபடத்தில் தொடங்குங்கள் டீச்சர். கிடை அச்சில் 'நேரம்', செங்குத்து அச்சில் 'மாடித் தொட்டியில் உள்ள தண்ணீர்' என்று மட்டும் எழுதுங்கள். ஏறி, சமமாகப் போய், பிறகு இறங்கும் ஒரு கோட்டை வரையுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஆளுக்கொரு வாக்கியம் சொல்லட்டும். ஏறினால் மோட்டார் ஓடுகிறது. அது எல்லோருக்கும் வரும். சமமான துண்டில்தான் பேச்சு சூடுபிடிக்கும். மோட்டாரும் ஓடவில்லை, குழாயும் திறக்கவில்லை என்பார்கள். உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே அளவாக இருந்தாலும் கோடு சமமாகத்தான் இருக்கும். அதை யாராவது சொல்லும்வரை விடாதீர்கள்.

அடுத்து எண்கள். 1000 லிட்டர் தொட்டியில் ஏற்கெனவே 200 லிட்டர் இருக்கிறது, மோட்டார் நிமிடத்துக்கு 40 லிட்டர் ஏற்றுகிறது என்று வையுங்கள். 0, 5, 10, 15, 20 நிமிடங்களில் 200, 400, 600, 800, 1000 லிட்டர். அளவுத்திட்டம்: கிடை அச்சில் 1 செ.மீ. = 2 நிமிடம், செங்குத்து அச்சில் 1 செ.மீ. = 100 லிட்டர். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே: ஆரம்பத்தில் எவ்வளவு? ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு கூடுகிறது? வெட்டுத்துண்டும் சாய்வும் இவைதான். பெயரையும் சூத்திரத்தையும் கடைசியில் சொன்னால் போதும்.

பாதிப் பேர் வேகத்தை 50 என்பார்கள். கடைசிப் புள்ளியை எடுத்து 1000-ஐ 20-ஆல் வகுத்திருப்பார்கள். முதலிலேயே கிடந்த 200 லிட்டரை மோட்டார் ஏற்றவில்லை என்பது மனதில் இருக்காது. 'கூடியது எவ்வளவு?' என்று கேளுங்கள். 800-ஐ 20-ஆல் வகுத்து அவர்களே 40-க்கு வந்துவிடுவார்கள். வெறும் '40'-க்கு முழு மதிப்பெண் வேண்டாம். 'நிமிடத்துக்கு 40 லிட்டர்' என்று எழுதினால் கொடுங்கள். கட்டம் எண்ணிச் சாய்வு சொல்லும் பழக்கமும் அதோடு போய்விடும். இந்தத் தாளில் 5 நிமிடம் என்பது இரண்டரை செ.மீ., 200 லிட்டர் என்பது 2 செ.மீ. கட்டத்தை மட்டும் எண்ணுகிறவனுக்குச் சாய்வு 0.8 வரும்.

கேள்வி (பெற்றோர்): தூரம்–நேரம் வரைபடத்தில் கோடு ஏறினால், சைக்கிள் மேட்டில் ஏறுகிறது என்கிறான் மகன்.

பதில்: வரைபடத்தைப் பாதையின் படமாகப் பார்க்கிறான்; இந்த வயதில் பலருக்கும் வருவதுதான். செங்குத்து அச்சின் பெயரை முழு வாக்கியமாக எழுத வையுங்கள்: 'வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறேன்'. பிறகு வராந்தாவில் மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, அவனை நடக்க விட்டு, 2 விநாடிக்கு ஒருமுறை எந்தக் கோட்டில் நிற்கிறான் என்று குறியுங்கள். நின்றால் கோடு சமம். திரும்பி வந்தால் இறங்கும். கடைசியில் ஒரு செங்குத்துக் கோட்டைக் காட்டி, 'இப்படி நட பார்க்கலாம்' என்று சொல்லுங்கள். ஒரே நொடியில் எல்லா இடத்திலும் இருக்க முடியாது என்று தானே சொல்வான்.

கேள்வி (9ஆம் வகுப்பு ஆசிரியர்): ஆட்டோ கட்டணத்தை உதாரணமாக எடுக்கலாமா? குறைந்தபட்சக் கட்டணம்தான் வெட்டுத்துண்டு என்று சொல்லலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் அப்படிச் சொல்லக்கூடாது. 2013-இல் தமிழக அரசு சென்னைக்கு நிர்ணயித்த கட்டணத்தைப் பாருங்கள்: முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதன் பிறகு கி.மீ.க்கு 12 ரூபாய். (மீட்டர் போட்டார்களா என்பது வேறு கதை.) வரைந்தால் 1.8 வரை 25-இல் சமமான கோடு. அங்கிருந்து ஏறும் கோடு. 2.8 கி.மீ.க்கு 37 ரூபாய், 6.8 கி.மீ.க்கு 85 ரூபாய். ஏறும் கோட்டைப் பின்னால் நீட்டினால் அது செங்குத்து அச்சை 25-இல் வெட்டாது, 25-இலிருந்து 21.60 போக 3.40-இல் வெட்டும். அந்த 3.40-ஐ யாரும் கொடுப்பதில்லை, ஏனென்றால் அந்தச் சமன்பாடு 1.8 கி.மீ.க்கு முன் செல்லாது. எந்தக் கோடு எங்கிருந்து எதுவரை செல்லும் என்று பேச இதைவிட நல்ல கணக்கு கிடைப்பது கடினம்.

வெட்டுத்துண்டை மட்டும் காட்ட வேண்டுமானால் கல்யாண மண்டபம் எடுங்கள். வாடகை 20,000, இலைக்கு 150 என்றால் 100 பேருக்கு 35,000. 200 பேருக்கு 50,000. ஆள் இரட்டித்தும் செலவு இரட்டிக்கவில்லை. கோடு ஆதிப்புள்ளி (0, 0) வழியாகப் போனால்தான் இரட்டிக்கும்.

கேள்வி: 4 நோட்டு 120 ரூபாய், 5 நோட்டு 150 ரூபாய். புள்ளிகளைக் கோட்டால் இணைக்கலாமா?

பதில்: வேண்டாம். நாலரை நோட்டு யாரும் வாங்குவதில்லை. போக்கைக் காட்ட வேண்டுமென்றால் புள்ளிக்கோடு போடுங்கள்.

கேள்வி: தூரம்–நேரம் வரைபடத்தில் இரண்டு பஸ்ஸின் கோடுகளில் மேலே இருப்பதுதான் வேகமானது என்கிறார்கள்.

பதில்: மேலே இருப்பது அந்த நேரத்தில் முன்னால் இருக்கிறது, அவ்வளவுதான். அதிகச் சாய்வோடு ஏறும் கோட்டுக்குத்தான் வேகம் அதிகம். 'யார் முன்னால்?', 'யார் வேகம்?' என்று இரண்டையும் ஒரே நேரப் புள்ளியில் தனித்தனியாகக் கேளுங்கள். கோடுகள் வெட்டும் இடத்தில் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ரயில்வே கட்டுப்பாட்டு அறையின் தூரம்–நேரம் சார்ட்டில் ஒற்றைப் பாதையில் எதிரெதிர் ரயில்களின் கோடுகள் ஸ்டேஷனில்தான் வெட்ட வேண்டும். நடுவில் வெட்டினால் என்ன ஆகும் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பாட்டிலில் ஓட்டை போட்டு நீர்மட்டத்தை அளந்தோம். கோடு நேராக வரவில்லை.

பதில்: வராது. மட்டம் குறையக் குறைய அழுத்தமும் குறைந்து, தண்ணீர் மெதுவாக வெளியேறும், கோடு வளையும். நேர்கோடு வேண்டுமென்றால் ஊற்றுங்கள். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் வைத்து, 100 மில்லி கப்பால் ஒவ்வொன்றாக ஊற்றி, வெளியே ஒட்டிய ஸ்கேலில் உயரம் பாருங்கள். வாய் அகன்ற வாளியும் இடுப்பு ஒடுங்கிய பிளாஸ்டிக் பாட்டிலும் வேண்டாம். புள்ளிகள் ஒரு மில்லிமீட்டர் அப்படி இப்படி விழும். அவற்றை வளைத்து வளைத்து இணைக்காமல், ஒளிபுகும் ஸ்கேலை நடுவில் வைத்து ஒரே கோடாக இழுக்கச் சொல்லுங்கள்.