உயரம் போதாது என்றார்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகனுக்கு 14 வயது. நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளிக் கால்பந்து அணியில் கோல்கீப்பர். போன மாதம் ஒரு செலக்‌ஷனுக்குப் போனான். நாலு பந்துகூட அடித்துப் பார்க்காமல், உயரம் போதாது என்று அனுப்பிவிட்டார்கள். வந்ததும் கையுறையை அலமாரிக்கு மேல் தூக்கிப் போட்டவன் இன்னும் எடுக்கவில்லை. அக்காவுக்கு உள்ளூர நிம்மதிதான், இனியாவது படிப்பான் என்று. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஆனால் அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஓர் அணிக்கு ஒரு கீப்பர்தான். பத்துப் பந்தைப் பிடித்தாலும் விட்ட ஒன்றைத்தான் பேசுவார்கள். இதை நம்பி ஒரு பையன் இறங்கலாமா? அவனிடம் நான் என்ன சொல்வது?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் இத்தாலியின் பழைய கோல்கீப்பர் டினோ ஸோஃப்தான் நினைவுக்கு வந்தார். அதே 14 வயது, அதே காரணம். இத்தாலியின் வடகிழக்கு மூலையில் மரியானோ என்ற சிற்றூர். அப்பா விவசாயி. இன்டர் மிலான், யுவென்டஸ் இரண்டு அணிகளும் பையனைப் பார்த்துவிட்டு, உயரம் காணாது என்று திருப்பி அனுப்பின. பாட்டி அடெலெய்டு தினம் எட்டு முட்டை கொடுத்து அவரை வளர்த்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். முட்டையால் வளர்ந்தாரோ, வயதால் வளர்ந்தாரோ, சில வருடங்களில் 182 சென்டிமீட்டர் வந்துவிட்டார். இடையில் மெக்கானிக் வேலையும் கற்றுக்கொண்டார். கையில் ஒரு தொழில் இருக்கட்டும் என்பது வீட்டார் எண்ணம். உங்கள் அக்காவின் கவலை எல்லா ஊரிலும் உள்ள கவலைதான்.

1961 செப்டம்பரில் உடினேசே அணிக்காக முதல்முறையாக இத்தாலியின் முதல் பிரிவில் இறங்கினார். ஃபியோரென்டினாவிடம் 5-2 என்று தோல்வி. அந்தப் பருவத்தோடு அணியே இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அப்புறம் மாந்தோவா, அப்புறம் நேப்பிள்ஸ். 14 வயதில் வேண்டாம் என்ற யுவென்டஸ் அவரைக் கூப்பிட்டபோது அவருக்கு 30 வயது. பெரும்பாலான முன்கள ஆட்டக்காரர்களுக்கு அது இறங்குமுகம். அவரோ 1972 முதல் 1983 வரை 11 பருவங்கள், 330 லீக் ஆட்டங்கள், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. லீக் பட்டம் மட்டும் ஆறு முறை.

அந்த வயதில் இது எப்படிச் சாத்தியமாகிறது என்பதை எங்கள் ஊரில் ஒரு செவன்ஸ் போட்டியில், அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்தில்தான் புரிந்துகொண்டேன். இடம் கிடைக்காமல் கோல் வலைக்குப் பின்னால் போய் நின்றேன். முன்னால் நின்ற கீப்பருக்கு நாற்பது வயதிருக்கும், லேசாகத் தொப்பை. இடது கம்பத்தைத் தொடுவார், வலது கம்பத்தைத் தொடுவார், நடுவே வருவார். பந்து எதிர்ப்பாதியில் இருக்கும்போதும் ஒரு நொடி சும்மா நிற்கவில்லை. பந்து இடப்பக்கம் போனால் அரை அடி இடப்பக்கம், பின்னால் போனால் இரண்டடி முன்னால். வாய் ஓயவே இல்லை, "வலத்த பாரு, அவன விடாத" என்று தன் ஆட்களை நகர்த்திக்கொண்டே இருந்தார். அன்று அவர் பாய்ந்து பிடித்ததாக ஒரு பந்தும் நினைவில்லை. வந்த பந்தெல்லாம் அவர் நெஞ்சுக்கே வந்தது. அந்தக் கணக்கு பிடிபட ஒருவருக்கு எத்தனையோ வருடம் ஆகும், பிடிபட்டபின் காலின் வேகம் குறைந்தாலும் அது குறையாது. ஸோஃப்பும் அப்படிப்பட்டவர்தான். அலங்காரமான பாய்ச்சல்களுக்காக யாரும் அவரைப் பேசுவதில்லை.

ஆனால் உங்கள் அக்கா சொல்வதை நான் மறைக்கப் போவதில்லை. ஸோஃப் 11 வருடம் ஓர் இடத்தை விடவில்லை என்றால், வேறு யாரோ அத்தனை வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள் என்று அர்த்தம். ஜியான்கார்லோ அலெஸாந்த்ரெல்லி என்ற மாற்று கீப்பர் பருவம் பருவமாகக் காத்திருந்தார். 1979 மே மாதம், பருவத்தின் கடைசி ஆட்டம், எதிரே அவெல்லினோ. யுவென்டஸ் 3-0 என்று முன்னிலையில் இருக்க, ஸோஃப்பை வெளியே எடுத்து அவரை இறக்கினார்கள். ஆட்டம் 3-3 என்று முடிந்தது. அந்த மனிதர் அன்றிரவு வீட்டுக்கு எப்படிப் போயிருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஸோஃப்பும் பெஞ்சை அறியாதவர் அல்ல. 1968 ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணியின் கீப்பர், 1970 உலகக் கோப்பை முழுக்க அல்பெர்டோசி என்ற கீப்பருக்கு மாற்றாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

விட்ட பந்தைத்தான் பேசுவார்கள் என்பதும் சரி. 1972 முதல் 1974 வரை சர்வதேச ஆட்டங்களில் 1142 நிமிடம் அவர் கோல் விடவில்லை. அதை முறித்தவர் ஹைட்டியின் இம்மானுவேல் சனோன். ஹைட்டியில் இன்றும் அந்தக் கோலைக் கொண்டாடுகிறார்கள். 1978 உலகக் கோப்பையில் நெதர்லாந்தின் ஆரி ஹான் வெகு தொலைவிலிருந்து அடித்தது உள்ளே போனது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பிரேசில்காரர்களும் தூரத்திலிருந்தே இரண்டு போட்டார்கள். வயது 36, கண் மங்கிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின.

நான்கு வருடம் கழித்து, 1982 ஜூலை 5, பார்சிலோனா. 40 வயதில் இத்தாலியின் கேப்டன் அவர்தான். பத்திரிகைக்காரர்களோடு பேசுவதில்லை என்று வீரர்கள் முடிவெடுத்திருந்ததால், அணியிலேயே குறைவாகப் பேசும் அவர் ஒருவர்தான் எல்லோருக்குமாகப் பேசிக்கொண்டிருந்தார். பிரேசிலுடன் ஆட்டம், இத்தாலி 3-2 என்று முன்னிலை. சமன் செய்தாலே பிரேசில் அரையிறுதிக்குப் போய்விடும். கடைசி நிமிடங்களில் இடப்பக்கத்திலிருந்து ஒரு ஃப்ரீ கிக். பிரேசிலின் ஆஸ்கர் எழும்பித் தலையால் முட்டிய பந்து கீழ் மூலைக்குப் போகிறது. ஸோஃப் பக்கவாட்டில் விழுந்து, கோட்டின் மேலேயே அதைத் தரையோடு அழுத்திவிட்டார். பிரேசில்காரர்கள் கோல் என்று கையைத் தூக்கிவிட்டார்கள். அந்த ஆட்டத்தில் பாவ்லோ ரோஸி மூன்று கோல் போட்டார், உலகம் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அந்த ஒரு பந்து போதும். ஆட்டம் முடிந்ததும் ஸோஃப் பயிற்சியாளர் பெயர்ஸோட்டிடம் போய், ஒன்றும் பேசாமல் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தார். ஆறு நாள் கழித்து மாட்ரிட்டில் உலகக் கோப்பையை வாங்கினார்.

சரி, பையனிடம் என்ன சொல்வது? உயரம் முக்கியமில்லை என்று பொய் சொல்லாதீர்கள். இன்றைய ஐரோப்பிய அணிகளில் 190 சென்டிமீட்டர் சாதாரணம். ஆனால் 14 வயதில் ஒருவன் எவ்வளவு வளர்வான் என்று செலக்‌ஷனுக்கு உட்கார்ந்தவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அவன் படிக்கட்டும், அக்காவிடம் சண்டை போடாதீர்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் கம்பங்களுக்கு நடுவே நிற்கவும் விடச் சொல்லுங்கள்.

அந்த ஃப்ரீ கிக்கை ஒருநாள் அவனோடு உட்கார்ந்து பாருங்கள். பந்து அடிபடுவதற்கு முன்னால் நிறுத்தி, ஸோஃப் எங்கே நிற்கிறார் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.