கூப்பிட்டிருக்கிறாள் அல்லவா, போய் வாருங்கள்

இங்கிலாந்தில் ரெடிங் நகரத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, பையனுக்கு இரண்டு வயது, கணவர் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார், பிள்ளை நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி அழுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். நூலகத்தில் பழக்கமான ஒரு தோழி, தன் மகளையும் அழைத்துக்கொண்டு சாஃப்ட் ப்ளே, அதாவது சின்னப் பிள்ளைகள் கூரைக்குள்ளேயே ஓடி ஏறி விளையாடுகிற மெத்தை போட்ட இடம், அங்கே போகலாம் என்று கூப்பிடுகிறாளாம். போகலாமா, அங்கே என்னதான் இருக்கும், என் பையன் யாரையாவது தள்ளிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். போங்கள் தங்கச்சி, இந்த வாரமே போங்கள்.

நான் இங்கே வந்து 13 வருடம் ஆகிறது. வந்த முதல் குளிர்காலத்தில் என் மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்கள். அதோடு சாயங்காலம் என்ற ஒன்றே காணாமல் போனது. டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டு. ஊரில் பிள்ளை அழுதால் வாசலுக்குத் தூக்கிப் போனால் போதும், எதிர் வீட்டுப் பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ கை நீட்டி வாங்கிக்கொள்வார்கள். இங்கே கதவைத் திறந்தால் மழை. பிள்ளைக்கு ஓடி ஆட இடம் வேண்டும், நமக்கு வாய்விட்டுப் பேச ஒரு ஆள் வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் எனக்கு இரண்டும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தது சாஃப்ட் ப்ளேயில்தான்.

முதல் தடவை போகும்போது இடத்தைப் பார்த்துத் தயங்க வேண்டாம். பெரும்பாலும் தொழிற்பேட்டைக்குள், கிடங்கு மாதிரி ஒரு பெரிய தகரக் கட்டடமாக இருக்கும்; பக்கத்தில் டயர் கடையும் கார் பட்டறையும் இருக்கும். உள்ளே போனால் வேறு உலகம். இரண்டு மாடி, மூன்று மாடி உயரத்துக்கு வலை கட்டி, உள்ளே மெத்தைப் படிகள், குழாய்ப் பாதைகள், சறுக்குமரங்கள், பந்துகள் நிரம்பிய தொட்டி. எதில் மோதினாலும் பஞ்சும் ரெக்சினும்தான். பெரிய பிள்ளைகள் அதில் பாய்ந்து பாய்ந்து ஓடுவார்கள். சின்னவர்களுக்கென்று தாழ்வான தடுப்பு போட்டுத் தனியாக ஒரு மூலை இருக்கும், பெரும்பாலும் மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு. உங்கள் பையனுக்கு முதலில் அதுவே போதும்.

நேரம் முக்கியம். பள்ளி நடக்கிற வாரத்தில், வார நாள் காலையில் போங்கள். பல இடங்களில் அந்த நேரத்தை நடை பழகும் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கியிருப்பார்கள், கட்டணமும் சற்றுக் குறைவு. சனி, ஞாயிறும், அக்டோபர், பிப்ரவரி, மே மாதங்களில் வருகிற ஹாஃப் டெர்ம் விடுமுறை வாரங்களும் வேண்டவே வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைகள் பிறந்தநாள் கொண்டாட்டத்தில் கூச்சல் போட்டு ஓடும்போது உங்கள் பையன் மிரண்டுபோவான். அப்புறம் அந்த வாசலைப் பார்த்தாலே அழுவான். இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். ஒன்றரை மணி, இரண்டு மணி என்று நேரம் கொடுப்பார்கள்.

காலணி கழற்ற வேண்டும், ஆனால் சாக்ஸ் கட்டாயம். பிள்ளைக்கு மட்டும் இல்லை, உள்ளே ஏறினால் உங்களுக்கும்தான். நான் செருப்போடு போய், வாசலிலேயே புது சாக்ஸ் விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். சேலை, துப்பட்டா, நீளமான சங்கிலி எல்லாம் வலையில் மாட்டும். பேண்ட், டீ ஷர்ட் போட்டுப் போங்கள். வெளிச் சாப்பாடு பல இடங்களில் கூடாது என்பார்கள், கைக்குழந்தை உணவுக்கு மட்டும் விட்டுக்கொடுப்பார்கள். அதனால் வீட்டிலேயே வயிறு நிறையத் தயிர் சாதம் ஊட்டிவிட்டுக் கிளம்புங்கள். பஸ்ஸில் போவதானால், தள்ளுவண்டி நிறுத்துகிற இடத்தில் சக்கர நாற்காலிக்காரர்களுக்குத்தான் முதல் உரிமை. அவர்கள் ஏறினால் வண்டியை மடக்க வேண்டியிருக்கும், ஒரு கையால் மடக்க வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அங்கே வேலை செய்கிறவர்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். அது முழுக்க நம் பொறுப்பு. இந்த இடத்தில்தான் கூட ஒரு தோழி வருவதன் அருமை தெரியும்.

என்னைக் கூப்பிட்டுப் போனவர் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் தெருக் கோடியில் இருந்தார். அவருக்கும் மகள்தான், என் மகளைவிட நாலு மாதம் பெரியவள். அன்று என் மகள் அரை மணி நேரம் என் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு அடி நகரவில்லை. தோழியின் மகள் ஒரு மஞ்சள் பந்தைக் கொண்டுவந்து நீட்டினாள். என் மகள் வாங்கவில்லை. அந்தக் குழந்தை பந்தைக் கீழே வைத்துவிட்டுப் போய், ஒரு சிவப்புப் பந்தோடு வந்தாள். அப்புறம் ஒரு நீலம். நாலாவது பந்துக்கு என் மகள் கையை நீட்டினாள். அடுத்த ஐந்து நிமிடத்தில் இருவரும் தொட்டிக்குள் இடுப்பளவு பந்தில் உட்கார்ந்து ஒருவர் தலையில் ஒருவர் பந்தை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தோழி சொன்னார்: "பிள்ளையள நான் பாக்கிறன், நீங்க போய் இருந்து தேத்தண்ணியக் குடியுங்கோ." பிள்ளை பிறந்த பிறகு ஆறாத டீயை உட்கார்ந்து குடித்தது அன்றுதான். அட்டைக் கோப்பை கையைச் சுட்டது, வைத்து வைத்து எடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அரை மணி கழித்து நான் உள்ளே போனேன், அவர் வந்து உட்கார்ந்தார். இப்படி மாறி மாறிப் பார்த்துக்கொள்ளுங்கள். தோழியிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், அவளுக்கும் அந்த அரை மணி தேவைப்படும்.

தள்ளிவிடுவது பற்றிக் கேட்டீர்கள். இரண்டு வயதில் எல்லாப் பிள்ளைகளும் தள்ளும், பிடுங்கும். உங்கள் பையன் செய்தால் உடனே கிட்டப் போய், அந்தத் தாயைப் பார்த்து ஒரு 'சாரி' சொல்லுங்கள், பையனின் உயரத்துக்குக் குனிந்து, தள்ளக் கூடாது என்று தமிழிலேயே சொல்லுங்கள். அவ்வளவு போதும். அடிக்கவோ சத்தம் போடவோ வேண்டாம். அடுத்தவர் பிள்ளை உங்கள் பையனைத் தள்ளினால், ஊரில் செய்வதுபோல அந்தப் பிள்ளையை உரிமையோடு அதட்டக் கூடாது. நடுவில் போய் நின்று உங்கள் பையனைத் தூக்கிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அந்தத் தாயே ஓடி வந்துவிடுவார். படம் எடுக்கும்போது பிற பிள்ளைகள் விழாமல் எடுங்கள், அந்த விஷயத்தில் இங்கே மிகவும் கவனமாக இருப்பார்கள்.

எல்லாரும் ஆங்கிலத்தில் பேசும்போது நாமும் பிள்ளையோடு ஆங்கிலத்துக்கு மாற வேண்டுமோ என்று எனக்கும் தோன்றியது. இரண்டு வயதுப் பரிசோதனைக்கு வந்த ஹெல்த் விசிட்டரிடமே, அதாவது சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கிற நர்ஸிடமே கேட்டேன். உங்களுக்கு எந்த மொழி இயல்பாக வருமோ அதில் பேசுங்கள், இரண்டு மொழி கேட்பதால் பேச்சு கெடாது என்றார். சறுக்குமரத்தின் உச்சியில் நின்று "அம்மா பாரு, அம்மா பாரு" என்று என் மகள் கத்துவாள். நானும் கீழிருந்து அதே சத்தத்தில் "வா கண்ணு" என்பேன். யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

பணம்: அவரவர் பிள்ளைக்கு அவரவர் கட்டுவதுதான் வழக்கம். கூப்பிட்டவள் கட்டவில்லையே என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். டீ மட்டும் ஒரு முறை அவள், ஒரு முறை நீங்கள். வாரா வாரம் போனால் செலவு கூடும். நாங்கள் மாதம் இரண்டு முறை வைத்துக்கொண்டோம், மற்ற வாரங்களில் நூலகத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பாடும் நேரமாக இலவசமாக நடக்கும் ரைம் டைம்.

கடைசியாக ஒன்று, இதில் கண்டிப்பாக இருங்கள். பையனுக்கு வாந்தி, பேதி வந்திருந்தால், நின்று 48 மணி நேரம் ஆகாமல் அங்கே கூட்டிப் போகாதீர்கள். நர்சரிகளுக்கும் இதே கணக்குதான். தோழி வருத்தப்படுவாளே என்று போக வேண்டாம், செய்தி அனுப்பினால் புரிந்துகொள்வாள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள்.

கிளம்பும் நேரத்தில் அழுவான். பத்து நிமிடம் முன்னாலேயே, "இன்னும் மூன்று சறுக்கு, அப்புறம் வீடு" என்று சொல்லி, எண்ணிக்கொண்டே இறக்குங்கள். திரும்பி வரும் வழியில் தள்ளுவண்டியிலேயே தூங்கிவிடுவான். அன்று மதியம் இரண்டு மணி நேரமாவது எழ மாட்டான், நீங்களும் கொஞ்சம் படுத்துக்கொள்ளுங்கள். தோழிக்கு இன்றே பதில் அனுப்பிவிட்டு, எந்தக் கிழமை என்று எனக்கும் எழுதுங்கள்.