ஜீவனானந்தரின் பறவைகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் நூலகத்தில் வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாஸின் கவிதைகள் ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைத்தன. ‘வனலதா சென்’, ‘எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள்’ இரண்டையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். மனம் மிகவும் கனத்துப்போயிற்று. அவரைப் பற்றித் தேடினால், டிராமில் அடிபட்டு இறந்தார், அது தற்கொலையாக இருக்கலாம் என்கிறார்கள். ஆபாசமாக எழுதியதால் கல்லூரி வேலை போயிற்று என்றும் ஒரு தகவல். எழுதியதில் பெரும்பகுதியை டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இவ்வளவு இருட்டான வாழ்க்கையிலிருந்து வந்த கவிதைகளை எப்படி எடுத்துக்கொள்வது? மரணத்தின் கவிஞர் என்று இவரைச் சொல்லலாமா? வங்காளிகள் இவரை இத்தனை நேசிப்பது ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை.

ம.,
தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

டிராமை முதலில் பேசிவிடுவோம். ஜீவனானந்தரைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் அந்தத் தண்டவாளத்தில் போய்த்தான் நிற்கிறார்கள். 1954 அக்டோபர் 14, மாலை நேரம். தெற்குக் கொல்கத்தாவில் லான்ஸ்டவுன் சாலையில் குடியிருந்தார். வழக்கம்போல நடக்கப் போனவர் மீது தேசப்பிரியா பூங்கா பக்கத்தில் டிராம் மோதியது. எலும்புகள் முறிந்து சம்புநாத் பண்டிட் மருத்துவமனையில் கிடந்தார். ஏற்கெனவே சர்க்கரை நோயாளி. நிமோனியாவும் சேர்ந்துகொள்ள, 22ஆம் தேதி இறந்தார். 55 வயது. அவராகவே போய் விழுந்தாரா என்ற பேச்சு அன்றிலிருந்து இருக்கிறது. அந்த ஒரு கணத்தில் அவர் மனதில் என்ன ஓடியது என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. எனக்குள்ள வருத்தம் வேறு. அந்தக் கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு முந்தைய முப்பது ஆண்டுக் கவிதைகளைப் பின்னோக்கி வாசிக்கிறோம். அப்படி வாசித்தால் இருட்டுதான் கண்ணில் படும்.

வேலை போன கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். கொல்கத்தா சிட்டி கல்லூரி, உருவ வழிபாட்டை ஏற்காத பிரம்ம சமாஜத்தாருடையது. 1928இல் மாணவர் விடுதியில் சரஸ்வதி பூஜை செய்வது பற்றிப் பெரிய தகராறு எழுந்தது. மாணவர்கள் பலர் விலகினார்கள், வருமானம் குறைந்தது, இளைய ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் இவரும் ஒருவர். ஆபாசம் என்று சிலர் கூச்சலிட்ட ‘கேம்பே’ (முகாமில்) என்ற கவிதை ‘பரிசய்’ இதழில் வெளிவந்தது 1932இல். நான்கு ஆண்டு கழித்து வந்த கவிதைக்காக முன்கூட்டியே எப்படி வேலை போகும்? ஆனால் கதைதான் நிலைத்துவிட்டது. வருமானம் குறைந்ததால் வேலை போன கவிஞரைவிட, கவிதைக்காக வேலை இழந்த கவிஞரை நமக்குப் பிடிக்கிறது.

நிஜமான கஷ்டம் அதற்குப் பிறகு வந்தது. டெல்லி ராம்ஜஸ் கல்லூரியில் சில மாதம் இருந்தார். 1930இல் லாவண்யாவைத் திருமணம் செய்துகொண்டார். அந்த வேலையும் போயிற்று. அடுத்த சுமார் ஐந்து ஆண்டுகள் நிலையான வருமானம் கிடையாது. மறு ஆண்டே ஒரு பெண் குழந்தை. 1935இல் சொந்த ஊரான, இன்று வங்கதேசத்தில் உள்ள பரிசாலில், தான் படித்த பிரஜமோகன் கல்லூரியிலேயே ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. அவர் அம்மா குசுமகுமாரி தாஸும் கவிஞர். பேச்சில் பெரியவனாகாமல் செயலில் பெரியவனாகும் பிள்ளை நம் நாட்டில் எப்போது வருவான் என்று கேட்கும் அவருடைய பாட்டு வங்காளத்துக் குழந்தைகளுக்கு மனப்பாடம். அந்த அம்மாவின் பிள்ளை வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து எழுதிய வருடங்களை நினைத்தால் எனக்கு இன்றும் சங்கடமாக இருக்கிறது.

இப்போது கவிதைக்கு வருகிறேன். நீங்கள் ஆங்கிலத்தில் வாசித்தீர்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கொல்கத்தாவில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்த காலம் அது. உடன் வேலை செய்த ஒரு அம்மாள், பரிசாலிலிருந்து பிரிவினையின்போது வந்த குடும்பம். ‘ஆபார் ஆஷிபோ ஃபிரே’ (மீண்டும் வருவேன்) என்ற கவிதையை அவர் மதிய உணவு வேளையில் சொல்வார். தான்சிரி ஆற்றங்கரைக்கு, இந்த வங்காளத்துக்கு, மனிதனாக இல்லாவிட்டாலும் ஒரு ‘சங்கசீல்’ ஆகவோ மைனாவாகவோ திரும்பி வருவேன் என்று தொடங்குகிறது. சங்கசீல் என்றால் என்ன என்று கேட்டேன். ஆங்கிலப் புத்தகத்தில் ஏதோ வெள்ளை மார்புப் பருந்து என்று போட்டிருந்தது, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் பதில் சொல்லாமல் ஜன்னலுக்கு அழைத்துப்போய் வானத்தைக் காட்டினார். கருடன்! செம்மண் நிறச் சிறகும் வெள்ளைக் கழுத்துமாக, ஊரில் என் பாட்டி பார்த்த மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்வாளே, அதே கருடன்.

அந்த நிமிடத்தில் முழுக் கவிதையும் எனக்குத் திறந்துகொண்டது. அப்புறம் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கவிஞர் நாளெல்லாம் மிதந்து கிடக்க விரும்பும் ‘கல்மி’ மணக்கும் தண்ணீர், நம் குளங்களில் படரும் வள்ளைக்கீரை. ‘ஷிமுல்’ கிளை, இலவமரம். முற்றத்துப் புல்லில் ஒரு குழந்தை இறைக்கிறதே, அது பொரிக்கான நெல். ஒரு சிறுமி வளர்க்கும் வாத்தாகப் பிறந்து, சிவந்த காலில் சலங்கை கட்டிக்கொண்டு திரிவேன் என்கிறார். எவ்வளவு ஆசை பாருங்கள்! அடுத்த பிறவிக்கு ஒரு மனிதர் கேட்பது இதை.

அந்த இலவமரத்தில் கூப்பிடுவது ‘லக்ஷ்மி பேஞ்சா’, நம்முடைய கூகை. இதில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். நமக்குக் கூகை அலறினால் கெட்ட சகுனம், சுடுகாட்டுப் பறவை. வங்காளத்தில் அது லட்சுமியின் வாகனம். நெற்குதிர் பக்கம் எலி பிடிக்க வரும் அந்த வெள்ளைப் பறவை வீட்டுக்கு வந்தால் சந்தோஷம். ஜீவனானந்தரின் கவிதைகளில் கூகையும் ஆந்தையும் வரும்போதெல்லாம் ஒரு தமிழ் வாசகர் சாவைக் கேட்டுவிட வாய்ப்பு உண்டு. உங்கள் மனம் கனத்ததற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

‘எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள்’ கவிதையை எடுத்துக்கொள்வோம். மனைவியும் குழந்தையும் பக்கத்தில் படுத்திருக்க ஒருவன் எழுந்துபோய் அரசமரத்தில் தூக்குப்போட்டுக்கொள்கிறான். அன்புக் குறைவில்லை, வறுமையில்லை. பொருளும் புகழும் வசதியும் தாண்டி, நம் ரத்தத்துக்குள் விளையாடி நம்மைக் களைப்பாக்கும் ஒரு ‘பிபன்ன பிஸ்மய்’ இருக்கிறது என்கிறார் கவிஞர். ஆபத்திலிருக்கும் வியப்பு என்று சொல்லலாம். எல்லோரும் அந்த வரியை மேற்கோள் காட்டி நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து மீதியையும் பாருங்கள். செத்தவனைச் சுற்றி எத்தனை உயிர்கள் வாழத் துடிக்கின்றன! அழுகிக்கொண்டிருக்கும் கிழட்டுத் தவளை இன்னும் இரண்டு கணம் கொடு என்று பிச்சை கேட்கிறது. கொசுவலையின் இருட்டுக்கு வெளியே கொசு விழித்துக் காத்திருக்கிறது. ரத்தத்திலும் சீழிலும் உட்கார்ந்த ஈ மறுபடி வெயிலுக்குப் பறக்கிறது. சிறுவன் கையில் மாட்டிய தும்பி மரணத்தோடு போராடுகிறது. குருட்டுக் கிழ ஆந்தை, நிலா மறைந்ததா, ரொம்ப நல்லது, ஒன்றிரண்டு எலி பிடிக்கலாம் என்கிறது. கடைசியில் கவிஞர் யார் பக்கம் போகிறார்? அந்த ஆந்தையைப் பாட்டி என்று அழைத்து, நாம் இருவருமாக வாழ்வின் நிறைந்த களஞ்சியத்தைக் காலி செய்துவிட்டுப் போவோம் என்கிறார். இதை எழுதியவரை மரணத்தின் கவிஞர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு மரணம் தெரியும், அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஈயையும் தும்பியையும் பார்க்கவும் தெரியும்.

அவர் காலத்தில் இதைப் புரிந்துகொண்டவர்கள் குறைவு. இளமையில் தாகூருக்குக் கவிதைகள் அனுப்பியபோது, திறமை இருக்கிறது, ஆனால் மொழியிடம் ஏன் இத்தனை ஜபர்தஸ்தி என்று கேட்டு எழுதினார் அவர். பிறகு கவிஞர் புத்ததேவ போஸ் 1935இல் தொடங்கிய ‘கவிதா’ இதழில் இவரை வாசித்துத் தாகூரே ‘சித்ரரூபமய’ என்று பாராட்டினார். காட்சிகளால் நிறைந்த கவிதை என்று பொருள். புத்ததேவர் கடைசிவரை இவருக்காக வாதாடினார். மறுபக்கம் ‘ஷனிபாரேர் சிட்டி’ இதழில் சஜனிகாந்த தாஸ் வரி வரியாக எடுத்துக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். அதே சஜனிகாந்தர்தான் மருத்துவமனையில் இவருக்கு நல்ல சிகிச்சை கிடைக்க ஓடினார், மேற்கு வங்க முதல்வரும் மருத்துவருமான பிதான் சந்திர ராய் வந்து பார்க்க வழி செய்தார். இந்தச் செய்தியை முதலில் படித்தபோது சஜனிகாந்தர் மேல் எனக்கிருந்த கோபம் கரைந்துவிட்டது.

டிரங்குப் பெட்டி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உயிரோடிருக்கும்போது வந்தவை, 1927இல் வந்த ‘ஜரா பாலக்’ முதல் 1954இல் வந்த தேர்ந்தெடுத்த கவிதைகள் வரை, சில தொகுப்புகள்தாம். 1952இல் சிக்நெட் பிரஸ் வெளியிட்ட ‘வனலதா சென்’ விரிவாக்கப் பதிப்புக்கு அட்டை வரைந்தவர் சத்யஜித் ராய். ஆனால் நாவல்களும் கதைகளும் எழுதியிருந்தார் என்பதை உலகம் அறிந்தது அவர் இறந்த பிறகு. ‘மால்யவான்’ நாவல் அச்சேற 1973 ஆயிற்று. மருத்துவமனையில் அவரைக் கவனித்துக்கொண்ட இளைஞர்களில் ஒருவர் பூமேந்திர குஹா. பின்னாளில் இதய அறுவை மருத்துவர் ஆனார். பெட்டியில் கிடந்த அந்தக் கையெழுத்தை எழுத்து எழுத்தாகப் படித்துப் படியெடுப்பதில் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார்.

‘ரூபசி பாங்ளா’ (அழகிய வங்காளம்) தொகுப்பும் அந்தப் பெட்டியில் கிடந்ததுதான். 1934இல், வேலையில்லாத அந்த இருண்ட வருடங்களில், ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிய சானட்டுகள், அதாவது பதினான்கு வரிக் கவிதைகள். கருடனும் வள்ளைக்கீரையும் வாத்தும் வரும் கவிதை அதில் உள்ளதே. வெளியானது 1957இல். 1971 விடுதலைப் போரின்போது கிழக்கு வங்காளத்து இளைஞர்களின் வாயில் இருந்தவை இந்தக் கவிதைகள். உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில் அதுதான். தங்கள் ஆற்றின் பெயரை, கீரையின் வாசத்தை, கூகையின் குரலை அவரிடம் கேட்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் வந்தவர்களுக்கோ அவை திரும்பிப் போக முடியாத இடத்தின் பெயர்கள். பரிசாலை விட்டு வந்த அவருக்கே அப்படித்தான்.

‘வனலதா சென்’ பற்றி ஒன்று மட்டும். பதினெட்டே வரிகள். சிங்களக் கடலிலிருந்து மலாய்க் கடல்வரை ஆயிரம் ஆண்டுகள் நடந்து களைத்தவனைப் பார்த்து, பறவைக் கூடு போன்ற கண்களை உயர்த்தி, நாட்டோர் என்ற ஊரைச் சேர்ந்த அந்தப் பெண் கேட்கிறாள். ஆங்கிலத்தில் அவள் கேள்வியில் மரியாதையும் இல்லை, உரிமையும் இல்லை, ஏனென்றால் அந்த மொழியில் அதற்கு இடமில்லை. வங்காளத்தில் அவள் சொல்வது ‘ஏதோதின் கோத்தாய் சிலேன்?’ முன்பின் பழகாதவரிடம் பேசும் மரியாதைச் சொல். நமக்கு அதை அப்படியே சொல்ல முடியும்: “இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?” அந்த ‘ஈர்கள்’ விகுதியில் உள்ள தூரத்தையும் கனிவையும் நீங்கள் உடனே கேட்டிருப்பீர்கள்.

அடுத்த முறை மொழிபெயர்ப்போடு, வங்காளிகள் யாராவது ‘ஆபார் ஆஷிபோ ஃபிரே’ சொல்லும் ஒலிப்பதிவையும் தேடிக் கேளுங்கள். தஞ்சாவூரில் இருக்கிறீர்கள், மாலையில் வயல் பக்கம் போனால் அந்தக் கவிதையின் பறவைகளில் பாதியைப் பார்த்துவிடலாம். கருடன் தட்டுப்பட்டால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.