கோத்தகிரிக் குட்டையில் கரிமீன் வளருமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், தேயிலைத் தோட்டத்து ஓரமாக 5 சென்ட் பண்ணைக்குட்டை வைத்திருக்கிறேன். ஆழம் ஒன்றரை மீட்டர். கடல் சூடாவதால் முன்பு கிடைக்காத இடங்களிலும் சில மீன்கள் கிடைக்கின்றன என்று கடற்கரையில் இருக்கும் உறவினர் சொல்கிறார். இங்கேயும் உறைபனி முன்போல இல்லை. கரையோர மீன்களான கரிமீனோ கொடுவாவோ 500 குஞ்சு விடலாமா ஐயா?

பதில்: விட வேண்டாம். உறவினர் சொல்வது உண்மைதான். ஒரு காலத்தில் கேரள, கர்நாடகக் கரையோடு நின்ற மத்தி இப்போது குஜராத் பக்கமும் நம் கிழக்குக் கரையிலும் பிடிபடுகிறது. ஆனால் கடலில் நடப்பதை மலைக்கு அப்படியே பொருத்த முடியாது.

உயரம் 1,000 மீட்டர் கூடினால் காற்றின் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். கரையில் ஆண்டுச் சராசரி 28 டிகிரி என்றால் உங்கள் ஊரில் அது 16, 17தான். கரிமீனுக்கு 25 முதல் 30 டிகிரி வரை வாகாக இருக்கும். 20க்குக் கீழே போனால் தீனி எடுப்பது வெகுவாகக் குறையும். கொடுவாவும் வெதுவெதுப்பான தண்ணீரில் வளர்கிற மீன்தான். அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: பூமி 1 டிகிரி சூடானால் கரையோர மீனுக்கு ஏற்ற இடம் மலையில் 150 மீட்டர் மேலே ஏறும். உங்களுக்குத் தேவை 1,800 மீட்டர்!

இதில் சராசரியை விடவும் முக்கியம், ஆண்டிலேயே மிகக் குளிர்ந்த சில இரவுகள். வெப்பத்தை விரும்பும் மீன் எதுவரை போகும் என்பதைப் பெரும்பாலும் அவைதான் முடிவு செய்கின்றன. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஸ்னூக் என்று ஒரு முகத்துவார மீன். பார்க்கக் கொடுவா மாதிரியே இருக்கும். குளிர்காலம் மிதமாகிக்கொண்டு வந்ததில் அது வடக்கே பரவியது. 2010 ஜனவரியில் ஒரு குளிர் அலை வந்தது, அந்த மாநிலத்தில் ஸ்னூக் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தது. உறைபனி குறைந்துவிட்டது என்கிறீர்கள், முற்றிலும் நின்றுவிட்டதா? மீன் உடனே சாகாவிட்டாலும் குளிரில் எதிர்ப்புச் சக்தி குறையும், செதில் உதிர்ந்த இடத்தில் பஞ்சு போலப் பூசணம் படரும். அதன் பிறகு மருந்து ஊற்றிப் பயனில்லை.

நம்பிக்கை வராவிட்டால் அளந்து பாருங்கள். உச்ச, நீச அளவு இரண்டையும் காட்டும் வெப்பமானியை 1 மீட்டர் ஆழத்தில் கட்டித் தொங்கவிட்டு, டிசம்பர் முதல் பிப்ரவரி நடுவரை தினமும் காலை 6 மணிக்குக் குறித்து வையுங்கள். மதியம் மேல்மட்டத் தண்ணீரைக் கையால் தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். குட்டை பள்ளத்தாக்கின் அடியில் இருந்தால் இன்னும் மோசம்: குளிர்காற்று சரிவில் வழிந்து அங்கேதான் தேங்கும். கரிமீன்தான் வேண்டும் என்றால் மேட்டுப்பாளையம் போல அடிவாரத்தில் நிலம் பாருங்கள்.

அப்படியானால் டிரவுட் விடலாமே என்று தோன்றும். அதற்கு 10 முதல் 18 டிகிரிக்குள் குளிர்ந்து, ஓடிக்கொண்டே இருக்கும் தண்ணீர் வேண்டும். கோடையில் தேங்கிய குட்டையில் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

உங்களுக்குப் பொருத்தம் சாதா கெண்டை. 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்த இனம் அது. இந்தக் குளிரைத் தாங்கும். உங்கள் 5 சென்டுக்கு (200 சதுர மீட்டர்) மொத்தம் 200 விரலிகள் (விரல் அளவு வளர்ந்த குஞ்சுகள்) போதும்: சாதா கெண்டை 80, புல்கெண்டை 80, வெள்ளிக்கெண்டை 40. ஒவ்வொன்றும் 10 செ.மீ. நீளமாவது இருக்கட்டும். மார்ச்சில் விட்டால் வெயில் காலம் முழுக்க வளரக் கிடைக்கும். முடிந்தால் ஆழத்தை 2 மீட்டராக்குங்கள். இரவுக் குளிர் அடிவரை சீக்கிரம் இறங்காது.

தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவு கலந்து, மீன்களின் மொத்த எடையில் 2 முதல் 3 சதவீதம் தினமும் கொடுங்கள். தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே போனால் 1 சதவீதமாகக் குறைக்க வேண்டும். 10க்குக் கீழே போனால் நிறுத்திவிடுங்கள். தின்னாத தீனி அழுகி ஆக்சிஜனைக் குடித்துவிடும். புல்கெண்டைக்கு வரப்புப் புல்லே போதும். சமவெளியில் ஓராண்டில் கிலோவைத் தொடும் கெண்டை இங்கே அரைக் கிலோ வரும் என்றே கணக்குப் போடுங்கள்.

தேயிலை மண் புளிப்பு மண். குஞ்சு விடுவதற்கு இரண்டு வாரம் முன்பே, காய்ந்த குட்டைத் தரையில் 20 முதல் 40 கிலோ வேளாண் சுண்ணாம்பு தூவித் தண்ணீர் கட்டுங்கள். தண்ணீரின் கார அமில நிலை (pH) 7க்கும் எட்டரைக்கும் இடையில் நின்ற பிறகே குஞ்சு விடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்கள் குட்டைக்குப் பெரிய ஆபத்து அதுதான். கொப்புள நோய்க்குத் தேயிலையில் அடிக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற செம்பு மருந்து மழையில் கழுவி வரும். நம் மலைத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. அப்படிப்பட்ட தண்ணீரில் செம்பின் நஞ்சு பல மடங்கு வேலை செய்யும். குட்டையின் மேற்புறம் ஒரு வாய்க்கால் வெட்டி, தோட்டத்து வடிநீரை வேறு பக்கம் திருப்பிவிட்ட பிறகு குஞ்சு வாங்கப் போங்கள்.