எதிர்வீட்டு கேமரா எங்க வாசலையே பாக்குது

கேள்வி: போன மாசம் எங்க தெருவுல ரெண்டு பைக் காணாம போச்சு, உடனே எதிர்வீட்டு அண்ணன் சிசிடிவி மாட்டிட்டாரு, நல்லதுதான், ஆனா அது நேரா எங்க வாசலயும் ஜன்னலயும் பாக்குது. கோலம் போடவே கூச்சமா இருக்கு. கேட்டா "உங்க சேஃப்டிக்கும்தானேம்மா"ன்றாரு.
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: கூச்சம் நியாயம்தாம்மா. வேலூர் லாங் பஜார் கடைத்தெருவுல கேமரா இருந்தா நாம போறோம், வந்துடறோம். இது நீங்க எப்ப கதவ தொறக்கறீங்க, யார் வராங்க, எல்லாம் நாள் பூரா அவர் போன்ல ஓடும். 2017ல புட்டசாமி வழக்குல சுப்ரீம் கோர்ட்டு 9 நீதிபதிங்களும் ஒருமனதா அந்தரங்கம் அடிப்படை உரிமைனு சொல்லிட்டாங்க. அதுக்குனு நேரா ஸ்டேஷனுக்கு ஓடாதீங்க. பழைய ஐ.பி.சி.க்கு பதிலா வந்த குற்றவியல் சட்டம் பாரதிய நியாய சன்ஹிதா, அதோட 77வது பிரிவு, பொம்பளைங்க தனிமைல இருக்கறப்ப, உடை மாத்தறப்ப ஒளிஞ்சு பாக்கறதுக்கும் படம் எடுக்கறதுக்கும். கோலம் போடறதுக்கு அது வராது, ஜன்னல் வழியா ரூம் உள்ள தெரிஞ்சா விஷயம் வேற.

மொதல்ல அவர் போன்ல என்ன தெரியுதுனு காட்ட சொல்லுங்க. நெறைய கேமராவுல பிரைவசி மாஸ்க்னு ஒரு செட்டிங் இருக்கு, உங்க ஜன்னல மட்டும் கருப்பா மறைச்சிடலாம், மாட்டின பையனே அஞ்சு நிமிஷத்துல செஞ்சிடுவான். இல்லனா கொஞ்சம் கீழ சாய்ச்சா போதும், பைக் திருடன் ரோட்டுலதானே வருவான், உங்க ஜன்னல்லயா வரப்போறான்? அப்படியே பாஸ்வேர்ட் மாத்தினாரானும் கேளுங்க, பாதி பேர் கம்பெனி குடுத்ததயே வெச்சிருக்காங்க. இதுக்கும் மசியலனா எழுதி கைல குடுங்க, காப்பி வெச்சிக்கோங்க, அப்பறம் போலீஸ்.