ஏழு நாளில் வெள்ளைப் பல்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். மகளுக்கு 16 வயது. பல் மஞ்சள், முன்பல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறது. கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். பேஸ்புக்கில் பார்த்து, ஏழு நாளில் வெள்ளையாக்கும் என்ற கரிப் பொடியை 2,800 ரூபாவுக்கு எடுத்தோம். மூன்றாம் நாளே முரசு (ஈறு) எரிகிறதாம். காசைத் திருப்பி வாங்கலாமா? டவுனில் ஒருவர் குறைந்த காசுக்குப் பல்லுக்குக் கம்பி போடுகிறார். போடலாமா?

பதில்: அக்கா, பொடியை இன்றே நிறுத்துங்கள். ஆனால் டப்பாவை எறிய வேண்டாம். கூரியர் துண்டு, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட், விற்றவர் அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். தமிழிலேயே எழுதலாம். விவரம் கேட்க 1977 என்ற இலக்கத்துக்குக் கோல் எடுங்கள். டப்பாவில் தயாரிப்பாளரின் விலாசமும் காலாவதித் திகதியும் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அதையும் கடிதத்தில் எழுதுங்கள். விற்றவருக்கு விலாசமே இல்லாவிட்டால் காசு கைக்கு வருவது கஷ்டம்தான்.

காசைவிடப் பல் எனக்குப் பெரிய கவலை. பல்லின் மேல்பூச்சான எனாமல் தேய்ந்தால் திரும்ப வளராது. அதற்கு அடியில் இருக்கும் படைதான் மஞ்சள். கரகரப்பான பொடியைப் போட்டுத் தேய்க்கத் தேய்க்க அந்த மஞ்சள் இன்னும் எடுப்பாகத் தெரியும். வெள்ளையாக வேண்டும் என்று வாங்கியதே பல்லை மஞ்சளாக்கிவிடும்.

மகளின் பல்லில் இருப்பது தேயிலைக் கறையாக இருந்தால், அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் காசில்லாமல் சுத்தம் செய்துவிடுவார்கள். எரியும் முரசையும் அங்கேயே காட்டுங்கள். நம் வீடுகளில் உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, நக்கி நக்கிப் பிளேன்டீ குடிக்கிறோமே, பல்லைச் சொத்தையாக்குவது அந்தச் சீனிதான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சீனி வாய்க்குள் போகிறது என்பதுதான் கணக்கு. ஐந்து தடவையை இரண்டாகக் குறைத்தாலே பெரிய காரியம்.

பற்பசை வாங்கும்போது 'வைட்னிங்' என்ற எழுத்துக்குக் கூடக் காசு கொடுக்காதீர்கள். டியூபின் பின்பக்கம் புளோரைட் 1,000 முதல் 1,500 பிபிஎம் (ppm) வரை இருந்தால் மலிவானதே போதும். இரவு படுக்குமுன் கட்டாயம் துலக்கட்டும். நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கத் தேவையில்லை.

டவுன்காரரிடம், இலங்கை மருத்துவ சபையில் பல் வைத்தியராகப் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். பதிவு இல்லையென்றால் சும்மா போட்டாலும் வேண்டாம். எக்ஸ்ரே பார்க்காமல், கணக்கில்லாமல் பல்லை இழுத்தால் வேர் கரையும், நல்ல பல்லும் ஆடத் தொடங்கும். பல் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் போய்ப் பாருங்கள். காத்திருக்க வேண்டி வரலாம், ஆனாலும் 16 வயது பிந்திய வயதில்லை.

பிரைவேட்டில் பதிவுள்ள வைத்தியரிடம் போடுவதானால் மொத்தச் செலவை எழுதி வாங்குங்கள். கம்பி ஒன்றரை, இரண்டு வருஷம் பல்லில் இருக்கும். மாதாமாதம் போய் இறுக்குவதற்கு எவ்வளவு, கழன்றால் எவ்வளவு, கடைசியில் பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் போடும் ரிட்டெய்னர் இந்தத் தொகைக்குள் அடங்குமா என்று கேளுங்கள். பஸ் காசையும் அதோடு கூட்டிப் பாருங்கள்.